அறுபதுக்குப் பிறகு ஸ்மார்ட்போன்: பெங்களூருவில் வசிக்கும் நம் பெரியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் போன் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது இப்போது கஷ்டம். கீரை விற்கும் தள்ளுவண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அபார்ட்மென்ட் வாசலில் கூரியர்காரர் வந்து நின்றால், உள்ளே விடலாமா என்று உங்கள் போனில்தான் கேட்கிறது. கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மகன், மகள் வீட்டுக்கு வந்து தங்கியவர்களுக்கும் இதே நிலைதான். ஹெச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ என்று இங்கிருக்கும் அரசு நிறுவனங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அல்சூரிலும் சிவாஜிநகரிலும் காலம் காலமாக இருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புத்தி மங்கிவிட்டதால் யாரும் தடுமாறுவதில்லை என்பதை அதில் தெளிவாகப் பார்த்தேன். "எதையாவது தப்பா அமுக்கி பென்ஷன் பணம் போயிட்டா என்ன பண்றது?" என்ற பயம்தான் விரலைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. "பயப்படாதீங்க" என்று யார் சொன்னாலும் அது போகாது. தவறாக அமுக்கினாலும் பெரிய நஷ்டம் வராதபடி முதலில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்புறம் விரல் தானாக நகரும். அதனால்தான் மற்ற வழிகாட்டிகள் கடைசியில் சொல்வதை நான் முதலில் வைக்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனை வைத்து எழுதியிருக்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸைத் திறந்தால் மேலே தேடும் கட்டம் ஒன்று இருக்கும். நான் சொல்லும் பெயரை அதில் தட்டித் தேடுங்கள், கிடைத்துவிடும்.

படி 1: பணத்துக்கு வேலி

பென்ஷன் வரும் கணக்கையும் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கும் கணக்கையும் போனில் சேர்க்காதீர்கள். செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துகொள்ளுங்கள், வேறு வங்கியாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் மாதச் சில்லறைச் செலவுக்கான தொகையை மட்டும் போட்டு வையுங்கள். போனிலிருந்தே பணம் கொடுக்க உதவும் யூபிஐ ஆப்பில் அந்தக் கணக்கை மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், சேர்க்கும்போது இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். சிறிய கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு வங்கிக்கு ஒருமுறை நேரில் போக வேண்டியிருக்கலாம், கையெழுத்து, ஆதார் நகல், பான் அட்டை என்று அரை நாள் போகும். அந்த அரை நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள். கணக்கில் மூவாயிரம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் க்யூஆர் அட்டைக்கு நேரே போனைப் பிடிக்கும்போது கை நடுங்காது.

படி 2: உங்கள் எண்ணைக் காப்பாற்றுங்கள்

ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே புது சிம் வாங்கிக்கொண்டு பழைய தமிழ்நாட்டு எண்ணை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஆதார், வங்கி, பென்ஷன், கேஸ் என்று எல்லாமே அந்தப் பழைய எண்ணில் பதிவாகியிருக்கும். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமலும் பயன்படுத்தாமலும் விட்டால் அந்த எண் ரத்தாகி, பிறகு வேறு யாருக்காவது போய்விடும். உங்கள் வங்கியின் குறுஞ்செய்தி அந்நியர் ஒருவரின் கைக்குப் போகலாம். எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்று இன்றே முடிவு செய்யுங்கள். பழையதைத் தொடர்வதானால் தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். புதிதுக்கு மாறுவதானால் முதலில் ஆதாரிலும் அடுத்து வங்கியிலும் எண்ணை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே பழையதை விடுங்கள்.

படி 3: போனை உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றுதல்

கடையில் கொடுத்தபடியே இருக்கும் போன் இருபத்தைந்து வயதுக்காரரின் கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்றது. "எனக்கு இது வரல" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு படியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்தின் அளவு. செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஃபான்ட் சைஸ் என்று போய்ப் பெரிதாக்குங்கள். ஆனால் கடைசி அளவு வரை போக வேண்டாம். எழுத்து மிகப் பெரிதானால் சில வங்கி ஆப்களில் கீழே இருக்கும் பொத்தான் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். "பொத்தானே காணோமே" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உச்ச அளவுக்கு ஒரு படி கீழே வைப்பது சரியாக இருக்கும்.

அடுத்து, திரை அணையும் நேரம். பெரும்பாலும் 30 வினாடியில் அணைந்துவிடும். நீங்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் திரை இருட்டாகியிருக்கும். டிஸ்ப்ளேயில் ஸ்க்ரீன் டைம்அவுட் என்று இருப்பதை 2 நிமிடமோ 5 நிமிடமோ ஆக்குங்கள்.

மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் விரல் ஒரு இடத்தைத் தொட்டால் கொஞ்சம் நேரம் அங்கேயே நிற்கும். போன் அதை அழுத்திப் பிடிப்பதாக எடுத்துக்கொண்டு வேறு ஏதோ மெனுவைத் திறந்துவிடும். ஐகான் நகர்ந்துவிடும், சில நேரம் ஆப்பே காணாமல் போகும். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டிக்குள் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்று ஒன்று இருக்கிறது. அதை லாங் என்று மாற்றுங்கள். அன்று முதல் போன் உங்கள் வேகத்துக்குக் காத்திருக்கும்.

நான்காவது, திரையின் கீழே மூன்று பொத்தான். புதுப் போன்களில் விரலை ஓரத்திலிருந்து இழுத்தால்தான் பின்னால் போக முடியும். அது பழகக் கஷ்டம். நேவிகேஷன் என்று தேடி மூன்று பொத்தான் முறையைத் தேர்ந்தெடுங்கள். எங்கே சிக்கினாலும் வெளியே வர நடுப் பொத்தான் எப்போதும் கீழேயே இருக்கும். வழி தவறினால் அதைத் தட்டுங்கள், முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்.

வயதானால் விரல் நுனி உலர்ந்து போகும். ரேகையும் தேயும். தொட்டும் திரை அசையவில்லை என்றால் பலமாக அழுத்தாதீர்கள், விரலைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். விரல்ரேகைப் பூட்டு திறக்கவில்லை என்றால் அதோடு போராட வேண்டாம், எண் பூட்டு வையுங்கள். பிறந்த வருடத்தை அந்த எண்ணாக வைக்காதீர்கள்.

மொழி விஷயத்தில் ஒரு வார்த்தை. போன் முழுவதையும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் மட்டுமே படிப்பவர்கள் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் பேத்திகள் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. போனில் சிக்கல் வந்து அவர்களிடம் நீட்டினால் அவர்களால் படித்து உதவ முடியாது. எழுத்துக் கூட்டியாவது ஆங்கிலம் படிப்பவர் என்றால், போன் ஆங்கிலத்திலும் கீபோர்டு தமிழிலும் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: பேச்சு, எழுத்து, படம்

வாட்ஸ்அப்பில் ஆரம்பியுங்கள். அதில் பணம் போக வழியில்லாத வேலைகளே அதிகம் என்பதால் தைரியமாகத் தட்டிப் பார்க்கலாம். முதலில் நீங்களே வீடியோ கால் செய்யப் பழகுங்கள், வரும் அழைப்பை எடுப்பது மட்டும் போதாது. பிறகு குரல் பதிவு அனுப்புவது, படம் எடுத்து அனுப்புவது, லொகேஷன் அனுப்புவது. கடைசியாகச் சொன்னது பெங்களூருவில் மிகவும் உதவும். லால்பாக்கில் நடந்துவிட்டுத் திரும்பும்போது எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டாலும், லொகேஷனை அனுப்பிவிட்டால் மகளே வந்து சேர்ந்துவிடுவாள்.

தட்டச்சுக்கு ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளைத் தட்டலாம், ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக வரும் முறையும் உண்டு, திரையில் விரலால் எழுதினாலும் புரிந்துகொள்ளும். பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விடச் சுலபம் மைக். தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு மைக் படத்தைத் தட்டிப் பேசினால் எழுத்தாக விழும். கொஞ்சம் நிறுத்தி, திருத்தமாகப் பேச வேண்டும். ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொன்னால் தடுமாறும்.

கன்னடம் தெரியாமல் வந்தவர்களுக்கு இன்னொன்று. கூகுள் டிரான்ஸ்லேட் ஆப்பில் கன்னடத்திலிருந்து தமிழ் என்று வைத்து, கேமராவை ஒரு போர்டின் மேலோ நோட்டீஸின் மேலோ பிடித்தால் பொருள் தெரியும். மொழிபெயர்ப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனாலும் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டியிருக்கும் காகிதம் தண்ணீர் நிறுத்தத்தைப் பற்றியதா, திருவிழாவைப் பற்றியதா என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் மூன்று பூட்டுகளைப் போட்டுவிடுங்கள். பிரைவசிக்குள் குரூப்ஸ் என்ற இடத்தில், உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் பங்குச் சந்தைக் குழுவில் உங்களைச் சேர்த்துவிடுவார். அதே பிரைவசியில் கால்ஸ் பகுதியில், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் செய்யுங்கள். அக்கவுன்டில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள்.

படி 5: ஒரு நோட்டுப் புத்தகம்

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். "மெட்ரோ டிக்கெட்" என்று தலைப்பு போட்டு, எதைத் தட்டினேன், அடுத்து என்ன வந்தது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். திரையில் இருக்கும் சொல்லை அப்படியே எழுதி, ஐகானைப் பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அப்டேட் வந்தால் பொத்தான் இடம் மாறும், அப்போது அங்கே திருத்தி எழுதலாம். இடத்தை நினைவில் வைத்தவர்கள் அப்டேட் வந்ததும் திணறிப் போகிறார்கள், சொல்லை நினைவில் வைத்தவர்கள் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். ரகசிய எண்களை இந்த நோட்டில் எழுதக் கூடாது.

ஒரு வேலை நோட்டைப் பார்க்காமல் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான்கு ஆப்பை ஒரே ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவோ அம்மாவோ தடுமாறும்போது "குடுங்க, நான் பண்றேன்" என்று போனை வாங்காதீர்கள். அவர்கள் கற்பது அந்த நொடியில் நின்றுவிடுகிறது. போன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் மறுபடி கேட்டால் முதல் தடவை கேட்பது போலவே பதில் சொல்லுங்கள்.

படி 6: பணம் கொடுப்பது

யூபிஐ 2016-இல் வந்தது. இன்று இளநீர்க் கடை வரை போய்விட்டது. ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வங்கியில் பதிவான எண் உள்ள சிம் அதே போனில் இருக்க வேண்டும். டெபிட் அட்டை விவரத்தை வைத்தோ ஆதாரை வைத்தோ நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண்ணான யூபிஐ பின்னை அமைத்துக்கொள்ளலாம்.

முதல் ஒத்திகை வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். மகளின் க்யூஆரை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்புங்கள். பெயர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பின் போடுவது என்று பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கடையில் அவசரப்படுத்துவார்கள், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். நிற்கட்டும். உங்கள் பணம், உங்கள் நிதானம்.

சில்லறைச் செலவுக்கு யூபிஐ லைட் என்ற வசதி இருக்கிறது. 5,000 ரூபாய் வரை அதில் வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே செலவாகும். 500 ரூபாய் மட்டும் அதில் போட்டுவிட்டுக் காய்கறிக்கும் பாலுக்கும் பயன்படுத்துங்கள்.

நினைவில் பதிய வேண்டிய விதி ஒன்று உண்டு. பணம் வருவதற்கு பின் தேவையே இல்லை. பணம் போகவும், இருப்பைப் பார்க்கவும் மட்டுமே பின். "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்.

படி 7: ஓடிபி குழப்பம்

ஓடிபி என்பது ஒரே ஒரு தடவைக்காக உங்கள் போனுக்கு வரும் எண். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் ஆப்பில் ஆட்டோ பிடித்து ஏறினால் டிரைவர் முதலில் கேட்பதே ஓடிபிதான். பார்சல் கொண்டுவருபவரும் கேட்கிறார். அப்போது பெரியவர்கள் என்ன செய்வார்கள்? சொல்ல மறுத்துச் சண்டை வரும். அல்லது சொல்லிப் பழகி, பிறகு வங்கி ஓடிபியையும் சொல்லிவிடுவார்கள். இரண்டும் நடக்கிறது.

வித்தியாசம் இதுதான். ஆட்டோவை நீங்கள் அழைத்தீர்கள், அவர் எதிரில் நிற்கிறார், வண்டி எண் ஆப்பில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. அந்த எண் பயணத்தைத் தொடங்குவதற்கு மட்டும். அதைச் சொல்லலாம். நீங்கள் ஆர்டர் செய்த பார்சலுக்கும் அப்படியே. ஆர்டரே செய்யாத பார்சலுக்கு ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது. போனில் பேசிக்கொண்டே யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, வங்கி மேனேஜர் என்றாலும் சரி, போலீஸ் என்றாலும் சரி. எந்த ஓடிபியாக இருந்தாலும் குறுஞ்செய்தியை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு வாயைத் திறங்கள். அதில் ரூபாய்க் கணக்கோ, வங்கியின் பெயரோ, லாகின் என்ற சொல்லோ இருந்தால் அது உங்களுக்கு மட்டும்.

படி 8: வெளியே போவது

மெட்ரோவில் பழகுங்கள். அல்சூர் நிலையத்திலிருந்து டிரினிட்டி தாண்டினால் எம்ஜி ரோடு, இரண்டே நிலையம். கூட்டமில்லாத பகல் நேரத்தில் நம்ம மெட்ரோ ஆப்பிலோ அவர்களுடைய வாட்ஸ்அப்பிலோ டிக்கெட் எடுங்கள். கேட்டில் க்யூஆரைக் காட்டுவதற்கு முன் திரை வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியே வரவும் அதே க்யூஆர் வேண்டும் என்பதால் டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டோவுக்கு நம்ம யாத்ரி போன்ற ஆப்கள் இருக்கின்றன. ஏறும் இடத்தைக் காட்டும் புள்ளி உங்கள் வாசலில்தான் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். எதிர்ப்புறச் சாலையில் இருந்தால் டிரைவர் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் அழைத்தால் தயங்காமல் எடுங்கள். இந்த ஊர் ஆட்டோக்காரர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர்.

படி 9: மோசடிகளை அடையாளம் காண்பது

எல்லா மோசடியிலும் ஒரு அவசரமும் ஒரு ரகசியமும் இருக்கும். "இன்று ராத்திரி 9.30க்குக் கரண்ட் கட்" என்று குறுஞ்செய்தி வரும், கூப்பிட ஒரு மொபைல் எண்ணும் இருக்கும். கூப்பிடாதீர்கள். சந்தேகம் என்றால், இங்கே மின்சாரம் கொடுக்கும் பெஸ்காமின் 1912-க்கு நீங்களே பேசுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடவே கூடாது, அது போனுக்குள் நுழைந்து குறுஞ்செய்திகளைப் படிக்கும் ஆப். வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். டெபிட் அட்டையின் பின்புறமும் பாஸ்புக்கிலும் அது அச்சாகியிருக்கும்.

"டிஜிட்டல் அரெஸ்ட்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். சீருடை போட்ட ஒருவர் வீடியோ காலில் வருவார். உங்கள் ஆதார் எண்ணில் போதைப் பார்சல் வந்தது, பணமோசடி வழக்கு இருக்கிறது என்பார். கேமராவை விட்டு நகரக் கூடாது, பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பார். மணிக்கணக்கில் பிடித்துவைப்பார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்யாது, எந்த நீதிமன்றமும் யூபிஐயில் பணம் கேட்காது. அழைப்பைத் துண்டியுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. நம் தலைமுறையில் அதிகாரி என்றால் எழுந்து நிற்கும் பழக்கம் உண்டு, அதைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்போதே தகவல் போனால் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது, ஆகவே நிமிடங்கள் முக்கியம். அடுத்து வங்கிக்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். பிள்ளைகளே, அந்த நேரத்தில் "எத்தனை தடவை சொன்னேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த முறை உங்களிடம் சொல்லாமல் விட அது ஒன்றே போதும்.

படி 10: வாழ்நாள் சான்றிதழ்

மத்திய அரசு ஓய்வூதியர்கள், உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழை நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஹெச்ஏஎல், பிஇஎல் போன்ற இடங்களில் வேலை பார்த்து, வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ மூலம் இபிஎஸ் என்ற பென்ஷன் வாங்குபவர்களுக்கு அந்த நவம்பர் கட்டாயம் இல்லை. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

இந்தச் சான்றிதழை ஆதாரை வைத்து டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. 2021 முதல் முகத்தைக் காட்டியே முடிக்கலாம் என்றானது. ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு ஆப்பையும் பிளே ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். பென்ஷன் ஆணை எண், கணக்கு எண், ஆதாரில் பதிவான போன் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் ஆபரேட்டர் என்று ஒருவரின் முகத்தைப் பதியச் சொல்லும், அது நீங்களாகவே இருக்கலாம். பிறகு பென்ஷன் விவரங்களைக் கொடுத்துவிட்டு மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும். ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்கும்போது கண் சிமிட்டுங்கள். முடிந்ததும் பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வரும். அதை நோட்டில் எழுதிவையுங்கள், இது ரகசிய எண் இல்லை. சில நாள் கழித்து அதே எண்ணை வைத்து ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். நிராகரிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பென்ஷன் ஆணை எண்ணிலோ, பென்ஷன் கொடுக்கும் வங்கியைத் தேர்ந்தெடுத்ததிலோ தவறு இருக்கும், திருத்தி மறுபடி அனுப்பலாம். முகம் எடுக்கவே மாட்டேன் என்றால் அஞ்சல்துறையின் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம், அதற்குச் சிறு கட்டணம் இருக்கலாம்.